நாவல் அச்சிடக் காசு கட்டப் போகிறவர்கள் முதலில் இதை வாசியுங்கள்

நேற்றுப் பின்னேரம் நாலரை மணிக்கு என் வட்ஸ்அப் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்கள். நான் கட்டிய காசு 185,000 ரூபாய். கை இன்னும் நடுங்குகிறது. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும், ஏனென்றால் அதே ஆட்கள் இன்று காலையும் பேஸ்புக்கில் விளம்பரம் போட்டிருக்கிறார்கள். கீழே மூன்று பேர் விலை கேட்டிருக்கிறார்கள். அதில் ஒரு பிள்ளை இது தன் முதல் கவிதைத் தொகுப்பு என்று எழுதியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

பெயர் சொல்லவில்லை. முறைப்பாடு போட்ட பிறகு அதைப் பார்க்கலாம். எழுதுகிறவரிடமே காசு வாங்கிப் புத்தகம் போட்டுத் தருகிற, ஒன்லைனில் மட்டும் இயங்குகிற ஒரு பதிப்புச் சேவை. அவ்வளவு போதும். அதற்குக் கடை இல்லை, போய் நின்று கேட்பதற்கு ஒரு வாசல் இல்லை.

நான் யாழ்ப்பாண நகரில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறேன். கடை எட்டரைக்குத் திறக்கும். நான் நாலு மணிக்கு எழும்பி, அம்மா எழும்பி அடுப்பு மூட்டும் வரை எழுதுவேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்பக்கம் சீமெந்து மூடைகளுக்கு நடுவில் ஒரு வாங்கு போட்டிருக்கிறார்கள், அதில் இருந்து இன்னும் அரைப் பக்கம். இப்படி ஏழு வருடம், பதினொரு சீ.ஆர். கொப்பி. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு வந்த காலத்தில் இரண்டு அத்தியாயங்களை லாம்பு வெளிச்சத்தில் முடித்தேன். பிறகு கடை பூட்டிய பின் முதலாளியிடம் கேட்டு, கடைக் கணினியில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்தேன். அதற்கு மட்டும் எட்டு மாதம்.

அம்மாவின் ஊர் மயிலிட்டி. 1990இல் யுத்தத்தால் வெளிக்கிட்டவர்கள். 2017இல் இராணுவம் வைத்திருந்த துறைமுகப் பக்கத்துக் காணிகள் விடுபட்டபோது அம்மாவோடு நானும் போனேன். இடம்பெயர்ந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அம்மா காணி உறுதிப் பத்திரத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டு திரிந்தவர். எங்கள் பக்கத்து உறுதிகளில் கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் என்று எழுதியிருப்பார்கள் அல்லவா, அம்மா அன்று அந்தப் பங்கைத் தேடினார். கிணற்றைக் காணவில்லை. பற்றைக்குள் நின்றுகொண்டு, உறுதியை விரித்து, எழுத்தைப் பார்ப்பதும் நிலத்தைப் பார்ப்பதுமாக நின்றார். அன்று இரவு வந்து எழுதிய வரிதான் நாவலின் முதல் வரி: "உறுதியில் கிணறு இருந்தது, காணியில் இல்லை."

நான் எப்படி நம்பினேன் என்று கேட்பவர்களுக்கு இந்த வரிதான் பதில்.

நாவல் கோப்பை அந்தச் சேவைக்கு அனுப்பி மூன்றாம் நாள் அங்கிருந்து ஒரு தம்பி போன் எடுத்தார். விலை பற்றி ஒரு சொல் இல்லை. "அக்கா, 'உறுதியில் கிணறு இருந்தது, காணியில் இல்லை' எண்டு துவங்கியிருக்கிறீங்கள். அதுக்குள்ள இருந்து என்னால வெளிய வர ஏலாமல் கிடக்கு. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனீங்களோ?" என்று கேட்டார்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஏழு வருடத்தில் ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. போட்டிகளுக்கு அனுப்பிய சிறுகதைகளுக்குக் கிடைத்தது என்றுகூடப் பதில் வராது. பத்திரிகைகளின் ஞாயிறு இதழ்களில் இரண்டு கதை வந்தது, அதை வாசித்தவர் என்று ஒருவரை நான் இன்னும் காணவில்லை. கனடாவில் இருக்கிற அண்ணா, "இன்னும் எழுதிக்கொண்டோ இருக்கிறாய்?" என்பார். அதில் கோபம் இல்லை, ஆனால் அதற்கு மேல் ஒரு கேள்வியும் இல்லை. எழுதுகிற எல்லாருக்கும் இது தெரியும். காசைவிட, பேரைவிட, வாசித்துவிட்டு ஒருவர் வந்து கதைக்க வேண்டும் என்பதற்காகத்தான் கிடந்து தவிக்கிறோம். அந்தத் தம்பிக்கும் அது நல்லாய்த் தெரிந்திருக்கிறது.

சரி, அடுத்த நாள் விலை வந்தது. செம்மையாக்கம், அட்டை, ஐ.எஸ்.பி.என். என்ற சர்வதேசப் புத்தக அடையாள இலக்கம், 300 பிரதி, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கடைகளுக்கு விநியோகம், ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சி. எல்லாம் சேர்த்து 185,000. விலை கொஞ்சம் கூடுதலாக இல்லையா தம்பி என்று கேட்டேன். "கடதாசி விலை தெரியும்தானே அக்கா" என்றார். 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே தள்ளிப்போட்ட நாடு இது. அந்த வருடம் கொப்பி வாங்கப் பட்ட பாடு எனக்கே நினைவிருந்தது. நம்பினேன். யாழ். பொது நூலகத்துக்கும் தாங்களே பிரதி சேர்ப்பிப்பதாகச் சொன்னார். 1981இல் எரித்தபோது 97,000 புத்தகம் போன இடம். பள்ளிக்கூடக் காலத்தில் இருந்து அங்கே போய் வாசித்துத்தான் நான் எழுதப் பழகினேன். அந்த அலுமாரியில் என் புத்தகமும் ஒன்று நிற்கும் என்று கேட்டபோது, மிச்சத்தை யோசிக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் தவணை 90,000, என் சீட்டுக்காசு. இரண்டாவது 60,000, அம்மாவின் தோட்டை அடகு வைத்தது. மூன்றாவது 35,000, அண்ணா அனுப்பியது. மூன்றும் ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்குப் போனது. நிறுவனக் கணக்கு இல்லையா என்று கேட்டேன். "புதுக் கணக்கு இன்னும் திறபடேல்லை அக்கா, இது எங்கட சேரின்ர கணக்குத்தான்" என்றார். கணக்கு எழுதுகிறவள் நான். கடையில் ஒரு வாடிக்கையாளர் இப்படிச் சொல்லியிருந்தால் பில்லே போட்டிருக்க மாட்டேன்.

மூன்றாவது தவணை போன நாளில் இருந்து குரல் மாறிவிட்டது. அந்தத் தம்பியை அதற்குப் பிறகு நான் பிடிக்கவே இல்லை. ஒரு பெண் எடுப்பார். "கோப்பு அச்சில இருக்கு மிஸ்." இரண்டு கிழமை கழித்தும் அதே வசனம். பிறகு மெஷின் பழுது. பிறகு சேர் கொழும்பில் இல்லை. ஒருமுறை, "நீங்கள் அடிக்கடி எடுத்தால் வேலை செய்யிற ஆக்களுக்கு இடைஞ்சல்" என்றார். அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கப் படி அனுப்பச் சொல்லி ஐந்து தரம் எழுதினேன். நீலக் குறி விழும், பதில் வராது. ஒருநாள் மட்டும் ஒரு பெருவிரல் படம் வந்தது.

இதற்கிடையில் நான் வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் எடுத்துவிட்டேன், புத்தகம் வருகிற திகதி அவர்கள் எழுத்தில் தந்ததை நம்பித்தான். இங்கே ஒரு நாவல் எப்படி விலைப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியும். கடையில் வைத்தால் தூசி படியும். விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று வந்தவர்கள் உறையில் வைத்துத் தருவதுதான் போட்ட காசில் ஒரு பங்கையாவது திருப்பித் தரும். அழைப்பிதழ் அடித்தேன். தலைமையுரை, வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை. ஏற்புரைக்கு நேரே என் பெயரைப் பார்த்து அம்மா அந்த அழைப்பிதழைச் சாமித்தட்டில் வைத்தார்.

விழா போன ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி பின்னேரம் கூரியரில் இரண்டு பெட்டி வந்தது. 300 பிரதி இல்லை. எண்ணினேன், 60.

முதல் பக்கத்தைத் திறந்தேன். "உறுதியில் கிணறு இருந்ததுஇ காணியில் இல்லை" என்று இருந்தது.

காற்புள்ளி 'இ' ஆகிவிட்டது. பாமினிக் கோப்பைக் கண்மூடித்தனமாக யூனிகோடுக்கு மாற்றினால் நடக்கிற வேலை. இங்கே தட்டச்சு செய்கிற யாருக்கும் தெரியும், ஒருமுறை கண்ணால் பார்த்தாலே பிடிபடும். "அம்மாஇ அப்பாஇ தம்பி" என்று 208 பக்கமும் அப்படியே. செம்மையாக்கம் என்று தனியாக 25,000 போட்டிருந்தார்கள். முதல் பக்கத்தைக்கூட ஒருவரும் பார்க்கவில்லை. என்னை அழ வைத்த அந்த வரி, அதை எனக்குச் சொல்லிக் காட்டிய அதே இடத்தில் அச்சாகி வந்தபோது, அங்கே ஒரு மனிதக் கண்கூடப் படவில்லை. அப்போதுதான் விளங்கியது, அந்தத் தம்பி வாசித்தது அந்த ஒரு வரிதான். என் ஏழு வருடத்தில் அவருக்குத் தேவைப்பட்டது நாலைந்து சொல்.

அதோடு முடியவில்லை. 112ஆம் பக்கத்துக்குப் பிறகு மறுபடி 97 வந்தது. அடுத்த நாள் காலை ஊரில் அச்சகம் வைத்திருக்கிற ஐயா ஒருவரிடம் கொண்டு ஓடினேன். கையில் எடுத்து முதுகுப் பக்கத்தைப் பார்த்தவுடனேயே சொன்னார்: "பெரிய தாளில பதினாறு பக்கம் சேர்த்து அடிச்சு மடிக்கிறது பிள்ளை. உம்மட புத்தகம் பதின்மூண்டு மடிப்பு. ஏழாவதை ரெண்டு தரம் வச்சு, எட்டாவதை விட்டிட்டாங்கள்." அறுபதிலும் அப்படியா என்று கேட்டேன். பத்தைப் புரட்டிப் பார்த்தார், பத்திலும் அப்படித்தான். விடுபட்டது 113 முதல் 128 வரை. அம்மா மண்வெட்டி எடுத்துக்கொண்டு கிணற்றைத் தேடிக் கிண்டுகிற அத்தியாயம் முழுக்க அந்தப் பதினாறு பக்கத்துக்குள்தான் இருக்கிறது.

இலக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பின்னட்டையில் 978-93 என்று தொடங்கும் ஐ.எஸ்.பி.என். போட்டிருந்தார்கள். நூலகத்தில் வேலை செய்கிற தோழி ஒருத்தி பார்த்தவுடன், "இது இந்திய இலக்கமெல்லோ" என்றாள். இலங்கைக்கு 978-955 அல்லது 978-624தான். அவள் சொல்லித் தந்தபடி பதின்மூன்று எண்ணையும் ஒன்றுவிட்டு ஒன்று மூன்றால் பெருக்கிக் கூட்டிப் பார்த்தேன். உண்மையான இலக்கம் என்றால் கூட்டுத்தொகை பத்தால் மீதியின்றிப் பிரிபட வேண்டும். எனக்கு 117 வந்தது. இரண்டு தரம் கூட்டினேன். இந்தியாவில்கூட எடுக்கவில்லை, வாயில் வந்ததை அடித்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை முழுக்கப் போனில் இருந்தேன். தலைமை தாங்க இருந்த ஐயா, நயவுரை எழுதி வைத்திருந்த ஆசிரியை, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தரமாகச் சொன்னேன். எல்லாருக்கும் தகவல் போய்ச் சேரவில்லை. ஞாயிறு மண்டப வாசலில் நானும் அம்மாவும் நின்று, வந்தவர்களை மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பினோம். அளவெட்டியில் இருந்து பேருந்து ஏறி வந்த ஒரு வயதான அம்மா உறையை என் கைக்குள் வைத்து, "புத்தகம் வரேக்க தா பிள்ளை" என்றுவிட்டுப் போனார். அந்த உறையை நான் இன்னும் திறக்கவில்லை.

திங்கட்கிழமை படங்களோடு அவர்களுக்கு எழுதினேன். "ஒப்பந்தத்தின் 9ஆவது பிரிவைப் பாருங்கோ, அச்சுக்குப் பிறகு பிழைக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று பதில் வந்தது. மிச்சம் 240 பிரதி எங்கே என்று கேட்டேன். திருத்திய மறுபதிப்புக்கு இன்னும் 40,000 கட்டினால் எல்லாவற்றையும் சேர்த்துத் தருவார்களாம். 185,000 கட்டியவளிடம் இன்னும் 40,000! பொலிசுக்குப் போவேன் என்று நேற்று எழுதினேன். அரை மணித்தியாலத்தில் தடுத்துவிட்டார்கள்.

185,000த்தை 60ஆல் பிரித்தால் ஒரு பிரதி 3,083 ரூபாய். வாசிக்க முடியாத பிரதி. அம்மாவின் தோடு அடகில். அண்ணாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனம் ஓடவில்லை. அவசரமாகச் சிலது. தனியாள் கணக்குக்குக் காசு போடாதீர்கள். அச்சுக்கு முன் முழுப் படியையும் கையில் வாங்கி, ஒவ்வொரு பக்கமும் பார்த்துக் கையெழுத்து வைக்காமல் இரண்டாம் தவணை கட்டாதீர்கள். ஐ.எஸ்.பி.என். இலக்கத்தை கொழும்பில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் எழுதுகிறவர் தாமே விண்ணப்பித்து எடுக்கலாம், அதற்கு இவர்கள் தேவையில்லை. முடிந்தால் நடந்து போய்க் கதவைத் தட்டக்கூடிய ஊர் அச்சகத்திலேயே கொடுங்கள். கையில் புத்தகம் வராமல் மண்டபம் எடுக்க வேண்டாம். உங்கள் வரியை ஒருவர் திருப்பிச் சொன்னால், நாவலின் நடுவில் இருந்து ஒன்றைக் கேளுங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் எடுக்கப் போகிறேன். நாளை காலை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பொலிசுக்குப் போகிறேன். வங்கிப் பற்றுச்சீட்டு மூன்று, ஒப்பந்தம், வட்ஸ்அப் உரையாடல் எல்லாம் அச்செடுத்து வைத்துவிட்டேன். இதே மாதிரி ஒரு சேவைக்குக் காசு கட்டிவிட்டுப் புத்தகம் வராமல் இருக்கிறவர்கள், பற்றுச்சீட்டின் படத்தோடு இன்று இரவுக்குள் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். கணக்கு இலக்கத்தின் கடைசி நாலு எண் ஒன்றாக இருந்தால் சேர்ந்து போவோம். விலை கேட்ட அந்தக் கவிதைப் பிள்ளையைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து இப்போதே ஒரு போன் எடுங்கள்.