பதினாறு மாதம், ஒரு ஆல்டோ, கோடை எஃப்எம்

"சகலை, வண்டி ரேடியோ செட்டை நீங்களே மாட்டினீங்களாமே, கஷ்டமா?" என்று போன வாரம் தேனியிலிருந்து போன். அவரிடம் பழைய இண்டிகா இருக்கிறது. நான் வாங்கிய அதே செட் இப்போது நானூறு ரூபாய் விலை இறங்கியிருக்கிறதாம். "நல்லாத்தான் இருக்கு, வாங்குங்க" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி 2008 ஆல்டோ. எனக்கு செகண்ட் ஹேண்டில் வந்தது. செட் ஒற்றை 'டின்' அளவு (டேஷ்போர்டில் குட்டையான ஓட்டையில் உட்காரும் ரகம்), சிடி கிடையாது, புளூடூத்தும் யூஎஸ்பியும் எஃப்எம்மும் உண்டு. கூடவே முன் கதவுகளுக்குப் புது ஸ்பீக்கர் ஒரு ஜோடி. எல்லாம் சேர்ந்து ஆறாயிரத்துக்குள் முடிந்தது. கடையில் மாட்டுகூலி ஐநூறு கேட்டார்கள். அந்த ஐநூறை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

பழைய செட்டை வெளியே இழுத்ததும்தான் விஷயம் தெரிந்தது. முன்பு மாட்டியவர் எல்லா வயரையும் வெறுமனே முறுக்கி டேப் சுற்றி விட்டிருந்தார். பத்துப் பதினைந்து வெயில் பார்த்த டேப், பசை உருகி விரலெல்லாம் கருப்பாக ஒட்டியது. புது செட்டின் கப்ளரில் (வயர்கள் சேரும் பிளக்) மஞ்சள் என்றால் நேராக பேட்டரி, செட்டின் நினைவு நிற்பது இதில்தான்; சிவப்பு என்றால் சாவி போட்டால் வரும் கரண்ட், கருப்பு எர்த். வண்டிப் பக்கம் பார்த்தால் மூன்றுமே சிவப்பு! மல்டிமீட்டரை வைத்து, சாவி இல்லாமலே 12 காட்டுவது எது, சாவி திருப்பினால் மட்டும் காட்டுவது எது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பார்த்தும் மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் சாவியைத் திருப்பினால் கடிகாரம் பன்னிரண்டு மணி, பதிந்து வைத்த ஸ்டேஷன்கள் ஒன்றுமில்லை. திரும்பவும் பிரித்தேன்.

சகலை, நீங்கள் செய்வதென்றால் ஒன்று மட்டும் கேளுங்கள். ஸ்பீக்கர் வயரில் எது பிளஸ் எது மைனஸ் என்று வண்டி வயரின் கலரை நம்பவே வேண்டாம். ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் குறி இருக்கும். டேஷ்போர்டு பக்கம் வரும் அதன் வயரின் இரண்டு நுனியிலும் ஒரு பென்சில் பேட்டரியை லேசாகத் தொட்டு எடுங்கள். ஸ்பீக்கரின் கூம்பு 'டப்' என்று வெளியே வந்தால், பேட்டரியின் பிளஸ் தொட்ட வயர்தான் பிளஸ். உள்ளே போனால் தலைகீழ். பழைய ஸ்பீக்கரைக் கழற்றும் முன் சும்மா சோதித்துப் பார்த்தேன். இடது பக்கம் வெளியே வந்தது, வலது பக்கம் உள்ளே போனது. அதாவது இத்தனை வருஷமும் ஒன்று காற்றைத் தள்ள, மற்றொன்று இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. தபேலா வரும் இடத்தில் தகரம் தட்டுவது மாதிரி ஏன் கேட்டது என்று அப்போதுதான் புரிந்தது. புது ஸ்பீக்கர் கையில் இருந்தும், முதலில் பழைய ஸ்பீக்கரிலேயே வயரை மாற்றிக் கொடுத்துக் கேட்டேன். அடித்தொனி அப்படி ஒரு கனத்தோடு வந்தது. கதவைத் திறந்து போட்டு, கையில் திருப்புளியோடு, ஒரு பாட்டு முழுக்க அப்படியே நின்றேன். உண்மையைச் சொன்னால், செலவழித்த ஆறாயிரத்தில் பாதி அந்த ஒரு ஜோடி வயரை மாற்றிக் கொடுத்ததிலேயே கிடைத்துவிட்டது.

(கதவின் உள்ளே ஒட்டியிருக்கும் பாலிதீன் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். ஐப்பசி மழையில் கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீர் அதற்குப் பின்னால் ஓடி, கதவின் அடியில் வெளியேறுகிறது. நான் கிழித்தேன். கால்மிதி நனைந்தது.)

புளூடூத்தில் இன்று வரை குறை இல்லை. ஏறி உட்கார்ந்ததும் போன் தானாகச் சேர்ந்துகொள்கிறது. பேச்சும் தெளிவு. பாட்டு கேட்க வேண்டுமானால் இந்த விலைக்கு இதைவிட நல்ல செட் கிடைக்காது என்றே சொல்வேன்.

ஆனால் எனக்கு வேண்டியது பாட்டு மட்டுமில்லை, கோடை எஃப்எம், அதாவது கொடைக்கானல் வானொலி. 100.5. மதுரையில் இருந்துகொண்டு கோடை கேட்கிறவன் என்றால் வயது தெரிந்துவிடும், தெரியட்டும். மலை மேலிருந்து வரும் அலை, பழைய செட்டில் காளவாசல் சிக்னலில் நின்றாலும் கேட்கும். புது செட்டில் முதல் நாள் தேடினால் கோடை இருக்கும் இடத்தையே தாண்டி ஓடியது. சூரியன் 93.5, மிர்ச்சி 98.3, ஹலோ 106.4 மூன்றிலும் நிற்கிறது. ஊருக்குள்ளேயே டவர் வைத்திருக்கிறவர்களுக்கு என்ன கேடு?

மெனுவில் 'லோக்கல்' என்று ஒன்று ஆனில் இருந்தது. பலமான ஸ்டேஷனில் மட்டும் தேடல் நிற்கும் ஏற்பாடு அது. அணைத்தேன். இப்போது 100.5-இல் நின்றது, ஆனால் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிவது மாதிரி இரைச்சல். ஆன்டெனா பிளக் தளர்ந்திருக்கும் என்று அழுத்தினேன். கொஞ்சம் குறைந்தது. முன் கண்ணாடியோரத் தூணில் ஆன்டெனா உட்காரும் இடத்தில் திருகைக் கழற்றினால் அடியில் துரு. பாடியோடு எர்த் ஆக வேண்டிய இடமே அதுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்ப முடுக்கினேன். இன்னும் கொஞ்சம் குறைந்தது. இப்படியே ஐந்து மாதம் போனது.

ஆறாவது மாதம் ஒரு ராத்திரி தற்செயலாக டேஷ்கேம் சார்ஜரைப் பிடுங்கினேன். பாதி இரைச்சல் அப்படியே நின்றது. அந்தச் சார்ஜர் 12 வோல்ட்டை 5 ஆக இறக்குவதற்கு நொடிக்குப் பல லட்சம் தடவை ஆன், ஆஃப் ஆகிறது. மலிவான சார்ஜர் என்றால் அந்தக் குப்பை எஃப்எம் அலைவரிசை வரை வந்து ஏறும். பக்கத்து டவர் அதை அமுக்கிவிடும், தூரத்து ஸ்டேஷன் அதில் மூழ்கிப்போகும். அந்தச் சார்ஜர் செட் வாங்கிய அதே வாரம் நானே வாங்கிப் போட்டது. ஐந்து மாதம் செட்டைத் திட்டியது அநியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

மீதிப் பாதி? அதற்குத்தான் இன்னும் பதில் இல்லை. ஒரு நாள் வெறி பிடித்து, பழைய செட்டையும் டிக்கியில் போட்டுக்கொண்டு செக்கானூரணி வரை போனேன். ரோட்டோரப் புளிய மரத்தடியில் நிறுத்தி, அதே ஆன்டெனாவை மாற்றி மாற்றிக் குத்திக் கேட்டேன். பழையதில் தெளிவு. புதியதில் அப்பளம். மறுபடி பழையது, தெளிவு. டீக்கடையில் இருந்தவர் எழுந்து வந்து, "வண்டியில எதையும் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

உசிலம்பட்டி தாண்டி, கணவாய் இறங்கி, ஆண்டிபட்டிப் பக்கம் மலை கண்ணில் பட்டதும் இந்த செட்டும் சுத்தமாகப் பாடுகிறது, அதையும் சொல்ல வேண்டும். நீங்கள் தேனியில் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தொந்தரவே இருக்காது. தாராளமாக வாங்குங்கள். நானாக இருந்தால் இன்னொரு தடவை வாங்கமாட்டேன். கழற்றவும் மனசில்லை, அந்தத் தபேலா அப்படிப் பிடித்துக்கொண்டது.

பழைய செட் இப்போது எங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. 12 வோல்ட் அடாப்டர், ஆன்டெனா ஓட்டையில் முக்கால் மீட்டர் வயர் ஒன்றைச் செருகி ஜன்னல் கம்பியோரம் தொங்கவிட்டிருக்கிறேன். காலையில் போர்டிகோவில் வண்டியை ஸ்டார்ட் செய்து பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது, ஜன்னல் வழியாகக் கோடை கணீரென்று வருகிறது. வண்டிக்குள்ளும் 100.5 தான் ஓடுகிறது. சில நாள் என் செட்டை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி அதைத்தான் கேட்கிறேன்.