லீவில் வந்து பிள்ளையைப் பார்க்க: சென்னையில் அப்பாக்களுக்கு என்ன உதவி கிடைக்கும், எது கிடைக்காது

மூன்று நான்கு வார லீவில் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்து இறங்கி, இந்தத் தடவையே கஸ்டடி (பிள்ளையைத் தன்னிடமே வைத்து வளர்க்கும் உரிமை) வாங்கிவிடலாம் என்று நினைத்தால் அது நடக்காது. பிள்ளையை வாரக்கடைசியில் பார்க்கவும், திரும்பிப் போன பிறகு வீடியோ காலில் பேசவும், அடுத்த லீவில் சில நாள் கூட வைத்துக்கொள்ளவும் ஒரு இடைக்கால உத்தரவு வாங்கலாம். அதற்கும் விமானம் ஏறுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மனு உள்ளே போயிருக்க வேண்டும்.

நேரத்தையெல்லாம் தின்பது நோட்டீஸ். மனு நம்பர் ஆகி, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய், அது 'சர்வ்' ஆனதாக, அதாவது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததாகப் பதிவான பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும். கதவு பூட்டியிருந்தது, ஆள் வீடு மாறிவிட்டார் என்று திரும்பி வந்தால் மறுபடி ஒரு வாய்தா. அதுவும் சரிப்படாவிட்டால் பேப்பரில் விளம்பரம் கொடுக்க அனுமதி மனு. இதெல்லாம் முடிந்து வக்கீல் ஆஜரானதும், எதிர்மனு போட அவகாசம் கேட்பார்கள், கோர்ட்டும் கொடுக்கும். லீவின் முதல் நாள் மனுப் போட்டவர் எதிர்மனுவைப் பார்க்காமலே திரும்பிப் போவது இப்படித்தான். மனைவி இப்போது இருக்கும் முகவரி, அவர் பெற்றோர் முகவரி, வேலை செய்யும் இடம், இமெயில் எல்லாவற்றையும் முதல் மனுவிலேயே கொடுத்தால் பாதித் தொல்லை குறையும்.

எங்கே போடுவது? 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊர்க் கோர்ட்டில். அப்பாவின் ஊர் எது, கல்யாணம் எங்கே நடந்தது என்பதெல்லாம் இதற்குக் கணக்கில்லை. பிள்ளை அம்மாவோடு திருநெல்வேலியில் இருந்தால் மனு அங்கேதான். வசதிக்காகச் சென்னையில் போட்டால் எல்லையைக் காட்டியே மனுவைத் திருப்பிவிடுவார்கள், ஒரு வருடம் வீண். விவாகரத்து வழக்கையாவது தன் ஊரில் போடலாம் என்று போட்டால், மனைவி தன் ஊருக்கு மாற்றச் சொல்லி ஐகோர்ட்டுக்குப் போவார். அந்த மாதிரி மனுக்களில் பெரும்பாலும் மனைவியின் வசதிதான் பார்க்கப்படுகிறது. மனைவி ஏற்கெனவே விவாகரத்து வழக்குப் போட்டிருந்தால் தனி வழக்கே வேண்டாம். அந்த வழக்கிலேயே இந்து திருமணச் சட்டம் 26-ஆம் பிரிவின் கீழ் ஒரு ஐ.ஏ. (இடைக்கால மனு) போட்டால் போதும். இருக்கிற வழிகளில் சீக்கிரமானது இதுதான், ஆனால் நிறையப் பேருக்கு இதை யாரும் சொல்வதில்லை.

பிள்ளை சென்னை மாநகர எல்லைக்குள் இருந்தால் இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று, ஐகோர்ட் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் குடும்ப நல நீதிமன்றம். மற்றொன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் வழக்குப் பிரிவு (வழக்கை நேரடியாக விசாரிக்கும் பிரிவு). குடும்ப நல நீதிமன்றச் சட்டம் வந்ததால் கஸ்டடி விஷயத்தில் ஐகோர்ட்டின் அதிகாரம் போய்விடவில்லை என்று 2022-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு 3-க்கு 2 என்ற கணக்கில் சொன்னது. ஐகோர்ட்டில் வக்கீல் செலவு கூடுதல். கவுன்சலிங், பிள்ளைகளைச் சந்திக்கும் மையம் எல்லாம் குடும்ப நலக் கோர்ட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பார்க்கும் உரிமை மட்டும் கேட்பவருக்கு அதுவே போதும்.

பிள்ளைக்கு ஐந்து வயது ஆகவில்லை என்றால் கஸ்டடி கேட்டுச் சக்தியை வீணாக்க வேண்டாம். இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டுச் சட்டம் 6-ஆம் பிரிவு, ஐந்து முடியும் வரை பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. அதே பிரிவு தந்தையை இயற்கைக் காப்பாளர் என்று சொல்வதைப் பிடித்துக்கொண்டு "சட்டப்படி பிள்ளை எனக்குத்தான்" என்று வாதாடுகிறவர்களும் உண்டு. 13-ஆம் பிரிவு பிள்ளையின் நலனை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிட்டதால் அந்த வாதம் எடுபடாது. வளர்ந்த பிள்ளையாக இருந்தால் நீதிபதி தன் அறையில் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். முந்தைய வாரம் அப்பா அதற்கு என்ன சொல்லிக்கொடுத்தார் என்பது ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்தே முடிக்க வேண்டிய காகித வேலை இது. ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு, பெரும்பாலும் அப்பா அல்லது அண்ணன் தம்பிக்கு, பவர் பத்திரம். அதை இந்தியத் தூதரகத்தில் சான்றளித்து, அல்லது அப்போஸ்டில் (பத்திரம் உண்மை என்று அந்த நாட்டு அரசு தரும் சான்று) வசதி உள்ள நாடு என்றால் நோட்டரியிடம் கையெழுத்திட்டு அதை வாங்கி அனுப்பலாம். பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். இதை மறந்துவிட்டு, வழக்கு நடக்கும்போது பத்திரம் செல்லாது என்ற ஆட்சேபணையில் மாட்டிக்கொள்வது வாடிக்கை. வக்கீலை நியமிக்கும் வக்காலத்தும் அதே உறையில் போகட்டும். குடும்ப நலக் கோர்ட்டில் வக்கீல் வைப்பது உரிமை கிடையாது, குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 13-ஆம் பிரிவுப்படி அனுமதி வேண்டும். கிடைத்துவிடும், ஆனால் அந்த மனுவையும் சேர்த்துப் போடச் சொல்ல வேண்டும். ஜீவனாம்சப் பேச்சு வந்தால் 2020-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி இரண்டு தரப்பும் சொத்து, வருமான உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம் இவற்றை அங்கிருந்தே கொண்டுவந்துவிடுவது நல்லது.

சாட்சியம் சொல்ல ஒவ்வொரு தடவையும் பறந்து வரத் தேவையில்லை. உயர் நீதிமன்றத்தின் 2020-ஆம் ஆண்டு காணொலி விசாரணை விதிகள் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து சாட்சியம் சொல்பவர் அங்குள்ள இந்தியத் தூதரக அலுவலர் முன்னிலையில் உட்கார வேண்டியிருக்கும் என்பதால் தூதரகத்தோடு தேதி பேசிவிட்டு மனுப் போட வேண்டும். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வக்கீலை நச்சரிக்கவும் வேண்டாம். ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால் இ-கோர்ட்ஸ் தளத்தில் வாய்தா தேதியும் உத்தரவும் தெரியும். அந்த எண்ணைத் தர இழுத்தடிக்கும் வக்கீல் மனுவையே இன்னும் தாக்கல் செய்யவில்லை என்று அர்த்தம்.

டிக்கெட் போடுவதற்கு முன் நாள்காட்டி. மே மாதம் கோடை விடுமுறை, டிசம்பர் கடைசியில் கிறிஸ்துமஸ் விடுமுறை, ஜனவரி நடுவில் பொங்கல். வெளிநாட்டில் லீவு கிடைக்கும் டிசம்பர்தான் கோர்ட்டுக்கு மோசமான மாதம். ஜூலை, ஆகஸ்ட் பரவாயில்லை. மே மாதப் பள்ளி விடுமுறையில் பிள்ளையைப் பத்து நாள் வைத்துக்கொள்ள உத்தரவு வேண்டுமென்றால் பிப்ரவரியிலேயே மனு உள்ளே போய், ஏப்ரலுக்குள் உத்தரவாகியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் பார்த்துவிட்டு விமானம் ஏறலாம். மனைவி தரப்பில் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் இருக்கிறதா, சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) மட்டுமா, எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டதா, விமான நிலையத்தில் நிறுத்தச் சொல்லும் லுக் அவுட் நோட்டீஸ் ஏதும் உண்டா என்று. மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கான பழைய 498-ஏ இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆம் பிரிவு. எல்லா எஃப்.ஐ.ஆரும் இணையத்தில் தெரியாது, வக்கீலை நேரில் அனுப்பி விசாரிக்கச் சொல்ல வேண்டும். விமான நிலையத்தில் நிறுத்தப்பட்ட பிறகு முன்ஜாமீன் தேடினால் லீவு அதிலேயே கழிந்துவிடும்.

இனி, இலவச உதவி. மாநில, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, எண் 15100. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் 12-ஆம் பிரிவில் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் வருமானம் பார்க்காமல் வக்கீல் பெறலாம். மற்ற ஆண்களுக்கு வருமான வரம்பு உண்டு, வெளிநாட்டுச் சம்பளக்காரர் பெரும்பாலும் அதற்குள் வரமாட்டார். என்றாலும் அங்கே வழக்குக்கு முந்தைய சமரசம் கேட்கலாம், அதற்கு இந்த வரம்பு தடையில்லை. போலீசுக்குப் போனால் "கோர்ட்டுக்குப் போங்க சார்" என்பார்கள், அது சரியான பதில்தான். குழந்தைகள் உதவி எண் 1098 பிள்ளைக்கு ஆபத்து என்றால் மட்டும். பழிவாங்க அதை அழைத்தால் அந்த அழைப்பே பின்னால் உங்களுக்கு எதிரான ஆவணமாக நிற்கும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள பிள்ளை என்றால் அந்த நாட்டுத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ வக்கீல் பட்டியல் கிடைக்கும். அம்மா சம்மதித்தால் அமெரிக்கத் துணைத் தூதரகம் பிள்ளையைப் பார்த்துவிட்டு நிலைமையைச் சொல்லும். பிள்ளையை வாங்கித் தருகிற அதிகாரம் எந்தத் தூதரகத்துக்கும் கிடையாது.

அப்பாக்களுக்கென்றே இயங்கும் குழுக்களும் உண்டு. சேவ் இந்தியன் ஃபேமிலி இயக்கம், பெங்களூரில் கூட்டுப் பெற்றோர் பொறுப்புக்காகப் பேசும் கிரிஸ்ப் அமைப்பு போன்றவை. தூக்கம் வராத இரவில் பேச ஓர் ஆள் கிடைப்பது பெரிய விஷயம், அதற்காகப் போகலாம். மனநல உதவிக்கு 14416 டெலி மானஸ் எண்ணும் இருக்கிறது. ஆனால் எந்தக் குழுவிலும் பத்துப் பேர் பத்து வழக்குத் தந்திரம் சொல்வார்கள். மனைவி மீது எதிர்வழக்குகளை அடுக்கச் சொல்லும் யோசனை பிள்ளையைப் பார்க்கும் நாளைத் தள்ளிப்போடத்தான் உதவும்.

லீவில் வந்தவருக்கு உண்மையிலேயே பலன் தரக்கூடியது சமரச மையம். உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-இல் தொடங்கிய தமிழ்நாடு சமரச மையம் நாட்டிலேயே நீதிமன்றத்தோடு இணைந்து வந்த முதல் மையம். மாவட்டங்களிலும் கிளைகள் உண்டு. கோர்ட் அனுப்பினால் கட்டணமில்லை. அங்கே பேசியது வழக்கில் சாட்சியமாக வராது. லீவு தேதியைச் சொல்லி, டிக்கெட் நகலை மெமோவோடு இணைத்து, சமரசத்துக்கு அனுப்பும்படி முதல் வாய்தாவிலேயே கேட்டால் அடுத்தடுத்த நாள்களில்கூட அமர்வு கிடைக்க வாய்ப்புண்டு. விவாகரத்து, நகை, சீர்வரிசை எல்லாவற்றையும் அதே மேசையில் போட்டால் எதுவும் முடியாது. பிள்ளையைப் பார்க்கும் விஷயத்தை மட்டும் தனி ஒப்பந்தமாக எழுதி, கோர்ட் உத்தரவாக்கிக்கொண்டு வருவது புத்திசாலித்தனம்.

அந்த உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 'நியாயமான முறையில் சந்திக்கலாம்' என்ற ஒரு வரியோடு வெளியே வந்தவர் வெறுங்கையோடு வந்தவர்தான், ஏனென்றால் எதை மீறினார்கள் என்று பிறகு காட்ட முடியாது. எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த இடம், யார் கொண்டுவந்து விடுவார்கள், யார் திரும்ப ஒப்படைப்பார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஈடான நாள் எது, இதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். வீடியோ கால் என்றால் எந்தச் செயலி, யாருடைய போன், இந்திய நேரம் எத்தனை மணி. டல்லாஸில் இருப்பவருக்கும் தோஹாவில் இருப்பவருக்கும் பிள்ளையின் இரவு ஏழு மணி ஒன்றல்ல, தவிர அமெரிக்காவில் வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரம் மாறும். 2020-இல் யாஷிதா சாஹூ வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளையோடு இல்லாத பெற்றோர் தினமும் 5 முதல் 10 நிமிடம் பேச வழி செய்யவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. மனுவில் அதைக் காட்டிக் கேட்கலாம். பள்ளி ரேங்க் கார்டு நகல், மருத்துவச் செய்தி, பிறந்தநாள், தீபாவளி, பொங்கல், விடுமுறையில் பாதி ஆகியவற்றையும் சேர்க்கலாம். அப்பா வெளிநாட்டில் இருக்கும் மாதங்களில் தாத்தா பாட்டி மாதம் ஒருமுறை பார்க்க அனுமதி கேட்பதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு வரி இருந்தால்தான் அடுத்த லீவு வரைக்கும் பிள்ளைக்கு அப்பா வீட்டு முகம் மறக்காமல் இருக்கும்.

முதல் சந்திப்புகள் பெரும்பாலும் கோர்ட் மையத்தில், ஓரிரு மணி நேரம். வசதியான இடம் என்று சொல்ல முடியாது. சத்தம், பக்கத்திலேயே வேறு குடும்பங்கள், கதவருகே மாமியார் வீட்டார். வந்தவுடன் பதிவேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும், மறு தரப்பு வராவிட்டாலும் நீங்கள் வந்த பதிவு இருக்கட்டும். விலை உயர்ந்த ஐபேடைவிடச் சேர்ந்து ஆடக்கூடிய பல்லாங்குழியோ கலர் பென்சிலோ அந்த ஒரு மணி நேரத்தை ஓட்டும். "அம்மா என்ன சொன்னா" என்று கேட்பதும், பிள்ளை அழுவதை வீடியோ எடுப்பதும் அடுத்த எதிர்மனுவில் அப்படியே வரும். நாலைந்து சந்திப்பு சுமுகமாக நடந்த பதிவு இருந்தால், வெளியே பார்க், அப்புறம் ஓர் இரவு தங்கல் என்று விரித்துக் கேட்க இடம் உண்டு.

உத்தரவை மீறினால் முதலில் தேதியோடு ஒரு இமெயில், பிறகு அதே கோர்ட்டில் நிறைவேற்று மனு. வேண்டுமென்றே தொடர்ந்து மீறினால் அவமதிப்பு மனு, அதற்கு ஓராண்டுக்குள் போக வேண்டும். ஜீவனாம்சத்தை நிறுத்திப் பழி தீர்ப்பது வேண்டாம். இரண்டும் தனித்தனி, பாக்கி வைத்திருப்பவரின் மனுவை நீதிபதி எந்தக் கண்ணோடு பார்ப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வெளிநாட்டுக் கோர்ட் உத்தரவைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு: அனுமதியின்றி வேறு நாட்டுக்குக் கூட்டிப்போன பிள்ளையைத் திருப்பி அனுப்புவதற்கான 1980-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை, இலங்கை சேர்ந்திருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டம் 44-ஏ பிரிவில் நேரடியாக நிறைவேற்றக்கூடியது பணத் தீர்ப்பு மட்டும். ஆகவே லண்டன் கஸ்டடி உத்தரவு இங்கே ஒரு முக்கியச் சான்று, அதற்குமேல் இல்லை. கோவைக்கு அழைத்துவரப்பட்ட இரண்டு பெண் பிள்ளைகள் பற்றிய சூர்யவதனன் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் பிரிட்டன் கோர்ட்டுக்குப் பெரிய மதிப்புக் கொடுத்தது. 2017-இல் நித்யா ஆனந்த் ராகவன் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதிலிருந்து விலகி, பிள்ளை நலனே முதன்மை என்றது. பிள்ளையை அங்கிருந்து கூட்டி வந்துவிட்டார்கள் என்றால் வாரங்களுக்குள் ஆட்கொணர்வு மனுப் போட வேண்டும். சென்னை, கோவை என்றால் சென்னையில், மதுரை, நெல்லை, திருச்சி, தஞ்சை என்றால் மதுரைக் கிளையில். பிள்ளை இங்கே பள்ளியில் சேர்ந்து ஒரு வருடம் ஓடிவிட்டால் வேரூன்றிவிட்டது என்று சொல்லிவிடுவார்கள்.

கடைசி வாரத்துக்கென்று ஒரு வேலையை ஒதுக்கி வைக்க வேண்டும். உத்தரவு சொல்லப்பட்ட அன்றே சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு, நகல் மனு எண்ணைப் பவர் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். நகல் வந்ததும் ஒன்று மனைவி தரப்பு வக்கீலுக்கு, ஒன்று பள்ளி முதல்வருக்கு, ஸ்கேன் செய்த ஒன்று உங்கள் இமெயிலுக்கு. உத்தரவில் தேதியோ பிள்ளையின் பெயரோ தப்பாகத் தட்டச்சாகியிருந்தால் திருத்த மனுவை அந்த வாரமே போட்டுவிடச் சொல்லுங்கள்.