எம்.ஆர்.ஐ. மையம் எப்படி? கேள்வித்தாளிலேயே தெரிந்துவிடும்

நுழைந்ததும் ஒரு தாளை நீட்டுவார்கள். பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்க நெஞ்சில் வைக்கும் கருவி) உண்டா, மூளை ரத்தக்குழாயில் கிளிப் போட்டிருக்கிறதா, காது கேட்க ஆபரேஷன் செய்து உள்ளே வைக்கும் காக்ளியர் கருவி உண்டா, கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் தெறித்ததா, கர்ப்பமா என்று அதில் ஒரு தடவை கேட்டு, உள்ளே விடுமுன் டெக்னீஷியன் வாயால் இன்னொரு தடவை கேட்டால் அது நல்ல மையம். "அதான் எழுதிக் கொடுத்தாச்சே" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். மெஷினுக்குள் இருக்கும் பெரிய காந்தம் இரவும் பகலும் விசையோடுதான் இருக்கும், கரண்ட் போனாலும் அணையாது. பேஸ்மேக்கர் என்றாலே முடியாது என்பதும் இப்போது இல்லை. நிபந்தனைகளோடு ஸ்கேனுக்கு ஏற்ற மாடல்கள் பல வந்துவிட்டன. மாடலைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், அதனால் கருவிக்கான அட்டை கையில் இருக்க வேண்டும்.

கவுன் மாற்றச் சொன்னால் முழுதாக மாற்றுங்கள். 'பனியன்தானே, இருக்கட்டும்' என்று விடும் இடத்தில்தான் வம்பு: வியர்வை நாற்றம் வராமலிருக்க வெள்ளி இழை கோத்த விளையாட்டு உடைகள் உள்ளே சூடேறிச் சுடும். பின்பக்கம் உலோகத் தகடு உள்ள மருந்துப் பட்டைகளும் அப்படியே. ஹேர்பின், கழற்றும் பல்செட், காது கேட்கும் கருவி எல்லாம் வெளியே.

'3 டெஸ்லா' விளம்பரத்துக்கு மயங்க வேண்டியதில்லை. டெஸ்லா என்பது காந்தத்தின் பலத்தைச் சொல்லும் அளவு. பெரும்பாலான முதுகு, மூட்டுப் படங்களுக்கு 1.5 டெஸ்லா தாராளம். உடம்பில் உலோக மூட்டு இருந்தால் 3 டெஸ்லாவில் அதைச் சுற்றிப் படம் இன்னும் மோசமாகச் சிதையும். அடைபட்ட இடம் பயமா? குழாயின் விட்டத்தைக் கேளுங்கள், 60 சென்டிமீட்டரா 70-ஆ என்று. அந்தப் பத்து சென்டிமீட்டர் தோளுக்கும் மூக்குக்கும் நன்றாகவே தெரியும். பக்கம் திறந்த மெஷின் நிம்மதிதான், ஆனால் பெரும்பாலும் காந்தம் பலவீனம். நேரம் கூடும், படத்தில் புள்ளி தட்டும்.

உள்ளே வரும் சத்தத்தைத்தான் பலர் குறைத்துச் சொல்லிவிடுகிறார்கள். மெஷினுக்குள் இருக்கும் கிரேடியன்ட் காயில்கள் என்ற கம்பிச்சுருள்கள் அதிர்வதால் 100 டெசிபெலைத் தாண்டும். அதற்குத் தரும் ஸ்பாஞ்ச் காதடைப்பானைச் சும்மா காதில் வைத்தால் பயனில்லை. விரலால் உருட்டி மெலிதாக்கி, மற்றக் கையால் காதை மேலே இழுத்து, உள்ளே நுழைத்து, அது உப்பும்வரை பிடித்துக்கொள்ள வேண்டும். கையில் தரும் ரப்பர் பந்தை மேசை நகருமுன்னே ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். மணி அடிக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். கைகளைக் கோத்துக்கொள்ளவோ கால்மேல் கால் போடவோ கூடாது. தோலோடு தோல் தொட்டால் மின்சுற்றாகி அந்த இடம் சுடலாம். லேசான கதகதப்பு இயல்பு, ஓரிடத்தில் மட்டும் சுரீரென்றால் பந்தை அழுத்திவிடுங்கள்.

படங்களைத் தொடர் தொடராக எடுப்பார்கள். ஒவ்வொரு தொடரும் சுமார் 2 முதல் 6 நிமிடம், மொத்தம் பெரும்பாலும் 20 முதல் 45. அசைந்தால் அந்த நொடி மட்டும் கெடாது, தொடர் முழுக்க மங்கும், முதலிலிருந்து எடுக்க வேண்டும். சத்தம் நின்று 'சிக்... சிக்' என்று குளிரூட்டும் பம்ப் மட்டும் கேட்கும் இடைவெளியில் எச்சில் விழுங்கலாம், இருமலாம். ஆனால் படுத்த இடம் மாறக் கூடாது, அடுத்த தொடரின் அளவெல்லாம் அதை வைத்துத்தான் போட்டிருப்பார்கள். வயிற்றுப் படத்துக்கு 15 முதல் 20 விநாடி மூச்சடக்கச் சொல்வார்கள். வீட்டிலேயே பழகிப் போனால் பாதி வேலை முடிந்தது.

கான்ட்ராஸ்ட், அதாவது படம் தெளிவாகத் தெரிய ஊசி வழியே ஏற்றும் மருந்து, எல்லோருக்கும் தேவைப்படாது. போட்டால் அது கடோலினியம், சி.டி.யில் போடும் அயோடின் அல்ல. 60 கிலோ எடைக்குப் பெரும்பாலும் 6 முதல் 12 மில்லி. கையில் சில்லென்று ஏறும். ஊசி குத்திய இடம் வீங்கினாலோ வலித்தாலோ உடனே சொல்லுங்கள், மருந்து நரம்புக்கு வெளியே போகிறது என்று அர்த்தம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் வாய் திறக்காமல் இருந்துவிடாதீர்கள்.

வெளியே வரும்போது ஃபிலிமோடு நிற்காமல் டைகாம் கோப்புகளும் (கணினியில் பார்க்கும் மூலப் படங்கள்) கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் அவர்கள் பொறுக்கிய படங்கள் மட்டும்தான் இருக்கும்.