லைசென்ஸ் எக்ஸ்ட்ராக்டுக்கு 4,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்

தஞ்சை, திருவாரூர், நாகை பக்கமிருந்து வெளிநாட்டுக்கு டிரைவர் வேலைக்குக் கிளம்பும் தம்பிகள் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

பதினொரு வருடமாக லாரி ஓட்டுகிறேன். நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து குடோனுக்கு மூட்டை ஏற்றிப் போவதுதான் பெரும்பாலும் என் ஓட்டம். போன தை மாதம் மஸ்கட்டில் ஒரு வேலை அமைந்தது. லைசென்ஸ் எப்போது எடுத்தேன், ஹெவி வண்டி ஓட்டும் அனுமதி எந்த வருடம் சேர்ந்தது, எதுவரை செல்லும் என்று ஆர்.டி.ஓ. அலுவலகப் பதிவிலிருந்து ஒரு நகல் வேண்டும் என்றார்கள். எக்ஸ்ட்ராக்ட் என்பார்கள்.

அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே உட்கார்ந்திருந்த புரோக்கர், "நீங்களா உள்ள போனா ஒரு மாசம் இழுக்கும்ணே. 4,500 குடுங்க, மூணு நாள்ல கையில தர்றேன்" என்றார். கொடுத்தேன். ஆதார் நகலும் கொடுத்தேன். அப்புறம் மூன்று முறை போன் செய்து ஓ.டி.பி. கேட்டார். சம்பா அறுவடை நேரம், லோடுக்காக வரிசையில் நின்றவன் யோசிக்காமல் படித்துச் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் ஒரு தாள் வந்தது. அடியில் சீல், கையெழுத்து. கம்பெனிக்கு அனுப்பினேன். இது அலுவலகம் கொடுத்த நகல் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். விசாரித்த பிறகுதான் தெரிந்தது: மத்திய அரசின் லைசென்ஸ் இணையதளமான பரிவாகன் சாரதியில் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டால் யாருக்கும் இலவசமாகத் தெரியும் விவரப் பக்கம் அது. அதை அச்செடுத்துப் பொய்யாக ஒரு சீல் குத்தியிருக்கிறார். பொய் சீல் குத்திய தாளை நான் என் பெயரில் அனுப்பியிருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

சரி, நாமே விண்ணப்பிப்போம் என்று அதே தளத்தில் உட்கார்ந்தால் ஓ.டி.பி. வரவே இல்லை. என் லைசென்ஸில் இருந்த மொபைல் எண்ணை அவர் தன் எண்ணாக மாற்றி வைத்திருந்தார். நான் படித்துச் சொன்ன ஓ.டி.பி.கள் அப்படி எண்ணை மாற்றத்தான் பயன்பட்டிருக்கின்றன. கேட்கப் போனால், "எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே" என்கிறார். அசல் லைசென்ஸோடு நேரில் போய் எழுதிக் கொடுத்து, எண்ணைத் திருத்தி வாங்குவதற்குள் மஸ்கட் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

எண் திரும்பிய பிறகு வேலை எளிதாகத்தான் இருந்தது. சாரதி தளத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, லைசென்ஸ் சேவைகளில் எக்ஸ்ட்ராக்டுக்கு விண்ணப்பித்தேன். கட்டிய கட்டணம் புரோக்கர் வாங்கியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

லைசென்ஸ் எண்ணில் டி.என்.-க்கு அடுத்த இரண்டு இலக்கம் எந்த அலுவலகம் கொடுத்தது என்று காட்டும். தஞ்சாவூருக்கு 49, திருவாரூருக்கு 50, நாகப்பட்டினத்துக்கு 51, கும்பகோணத்துக்கு 68. அடுத்த நான்கும் வருடம். அபராதம் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்பதை இ-சலான் தளத்தில் லைசென்ஸ் எண்ணைப் போட்டுத் தனியாகப் பாருங்கள், அதற்குக் காசு இல்லை.

பழைய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். என் சித்தப்பாவின் லைசென்ஸ் கணினியில் ஏறவே இல்லை, தளத்தில் தேடினால் வராது. அதை அலுவலகத்தில்தான் ஏற்ற வேண்டும். அவரும் போன வாரம் அதே ஜெராக்ஸ் கடைக்குத்தான் கிளம்பினார். நான் கூடவே போய் நேராகக் கவுண்டரில் கொண்டுபோய் நிறுத்தினேன். எதிர்க் கடையில் அந்த ஆள் இன்னொரு பையனிடம் ஆதார் வாங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பையனையும் கையோடு அழைத்து வந்துவிட்டேன்.