சிங்க்குக்கு அடியில் மாட்டிய பித்தளை ஆங்கிள் காக்: எட்டு மாதம் கழித்து

ஆங்கிள் காக் என்றால் சுவரிலிருந்து குழாய்க்குப் போகும் தண்ணீரைத் திறந்து மூடுகிற சின்ன வால்வு. இது அரை இஞ்ச், கால் சுற்றில் மூடுகிற வகை, 420 ரூபாய். பிராண்டு பெயர் வேண்டாம், இதே மாதிரி நாலைந்து கம்பெனிக்காரர்கள் போடுகிறார்கள்.

பழைய காக் ஒழுகி சிங்க்குக்கு அடியில் வைத்திருந்த வெங்காயக் கூடை ஊறிப்போயிருந்தது. அம்மா ஒரு வாரமாகக் கிண்ணம் வைத்து ஊற்றிக்கொண்டிருந்தாராம், என்னிடம்தான் யாரும் சொல்லவில்லை. கடைக்கு ஓடுவதற்கு முன்னால் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள்: காய்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் செய்தித்தாள் துண்டை ஒற்றினால் ஈரம் காட்டிக்கொடுக்கும். கைப்பிடிக்கு அடியில் என்றால், பழைய திருகு வகையில் அங்கே இருக்கும் நட்டைக் கால் சுற்று இறுக்கினாலே பல நேரம் நின்றுவிடும். காக்கிலிருந்து குழாய்க்குப் போகும் கனெக்‌ஷன் பைப் சேரும் இடம் என்றால் ரப்பர் வாஷர் மாற்றினால் போதும், அதற்குப் போய்ப் புது காக் வாங்க வேண்டாம். எங்களுக்குச் சுவர்ப் பக்கமும் கசிந்தது, போர் தண்ணி உப்பு பிடித்துக் கைப்பிடியும் அசையவில்லை. மாற்றித்தான் ஆக வேண்டும்.

தெருமுனை ஹார்டுவேர் கடை அண்ணாச்சி மூன்றை எடுத்து வைத்தார். பிளாஸ்டிக் ஒன்று, பளபளவென்று ஒன்று, இது ஒன்று. "பளபளப்பைப் பாக்காதீங்க தம்பி, கையில தூக்கிப் பாருங்க" என்றார். தூக்கினேன், பளபளப்பு தக்கை மாதிரி இருந்தது. இதற்குள் ரப்பர் வாஷருக்குப் பதில் செராமிக் தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்று திரும்பித் தண்ணீரை அடைக்கும். சுற்றிச் சுற்றி இறுக்கி வாஷரை நசுக்குகிற வேலை இல்லை.

மாட்டியது நான்தான். மாடி டேங்க் வால்வை மூடி, குழாயைத் திறந்து வடியவிட்ட பிறகும் கழற்றும்போது அரை வாளி தண்ணீர் வந்தது, வாளி இல்லாமல் உட்காராதீர்கள். சுவருக்குள் இருக்கும் மரையில் ஒட்டியிருந்த பழைய டேப்பைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் எடுத்தேன். புது காக்கின் மரையில், கசியாமல் இருக்கச் சுற்றும் டெஃப்லான் டேப்பை முதல் தடவை ஆறு சுற்றுதான் சுற்றினேன், கசிந்தது. கழற்றிப் பன்னிரண்டு சுற்று சுற்றியதும் நின்றது. மரை முனை நம்மைப் பார்த்திருக்க, கடிகாரம் ஓடுகிற பக்கமாகச் சுற்ற வேண்டும், மாற்றிச் சுற்றினால் இறுக்கும்போது பிரிந்து வந்துவிடும். வாய் மேலே பார்த்து நிற்க வேண்டுமே என்று கொஞ்சம் பின்னால் திருப்பினீர்களோ, போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ரிஞ்ச் கையில் இருக்கிறது என்று பலத்தைக் காட்டவும் வேண்டாம், சுவருக்குள் காக் மாட்டுகிற வளைவுத் துண்டு, அதாவது எல்போ, விரிந்தால் டைல்ஸ் உடைக்கிற செலவு.

எட்டு மாதத்தில் ஒரு சொட்டு இல்லை. உப்பு சேர்ந்து இறுகாமல் இருக்க மாதம் ஒருமுறை மூடித் திறக்கிறேன், இன்றைக்கும் இரண்டு விரலில் திரும்புகிறது. ஆனால் கைப்பிடி சின்னது, சோப்புக் கையோடு பிடித்தால் வழுக்கும். சுவர் ஓட்டையை மறைக்கக் கூடவே வருகிற வட்டத் தகடு சுத்த மோசம், மூன்றாம் மாதமே துரு, சுவரில் பழுப்பு வளையம் விழுந்து தேய்த்தாலும் போகவில்லை. 420 ரூபாய் வாங்குகிறவர்கள் தகட்டில் போயா மிச்சம் பிடிப்பார்கள்?

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். கீசருக்கும் இதையே இரண்டு வாங்கினேன், தகடு மட்டும் தனியாக ஸ்டீலில், ஒன்று முப்பது ரூபாய்.