சௌராஸ்தா மேல்மாடியில் துங்குவின் பத்திகள்: ஒரு பழைய புத்தகக் கடை

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில், பினாங்கு சாலையில் உள்ள சௌராஸ்தா சந்தையின் மேல்மாடிப் பழைய புத்தகக் கடைகளுக்குப் பலரும் பள்ளிப் பாடநூல்களையும் மலிவுவிலை நாவல்களையும் தேடித்தான் செல்கிறார்கள். அங்கே தமிழ் முஸ்லிம் பெரியவர் ஒருவர் நடத்தும் கடையை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் வேறு. மலேசிய அரசியல் பத்தி எழுத்தை, அதிலும் துங்கு அப்துல் ரஹ்மான் முதுமையில் 'தி ஸ்டார்' நாளிதழில் எழுதியவற்றை வரிசையாகப் படிக்க விரும்புகிறவருக்கு, இதைவிடப் பொருத்தமான கடையை இத்தீவில் நான் பார்த்ததில்லை.

துங்குவை மலேசியாவின் முதல் பிரதமராக அறியாதவர் இல்லை. பத்தியாளராக அறிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். 1903இல் அலோர் ஸ்டாரில் கெடா சுல்தானின் மகனாகப் பிறந்த அவர், 1969 மே 13 இனக் கலவரத்தின் பழியோடு 1970 செப்டம்பரில் பதவி விலகினார். ஜித்தாவில் இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் முதல் பொதுச் செயலாளராகச் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டுப் பினாங்கில் குடியேறினார். 1971இல் ஜார்ஜ் டவுனில் வட்டார நாளிதழாகத் தொடங்கப்பட்டிருந்த 'தி ஸ்டார்', அவரைத் தலைவராக அமர்த்திக்கொண்டதோடு, வாரந்தோறும் எழுத இடமும் கொடுத்தது. எழுபது வயதுக்கு மேல் தொடங்கிய அந்த எழுத்து வாழ்க்கை பத்தாண்டுகளுக்கும் அதிகமாக நீடித்தது.

திங்கட்கிழமைப் பத்திகளில் தேர்ந்தெடுத்தவை 1977இல் 'லுக்கிங் பேக்' என்ற பெயரில் நூலாக வந்தன. எனக்குக் கிடைத்த படியின் முதுகு நைந்திருந்தது. ஓரங்களை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. ஆனால் ஒரு பக்கமும் குறையவில்லை. முன்பு வைத்திருந்தவர் பின்னட்டையின் உட்புறத்தில் நாளிதழ் நறுக்குகள் சிலவற்றைப் பசை தடவி ஒட்டி, ஒவ்வொன்றின் மேலும் தேதியைப் பென்சிலால் குறித்திருந்தார். கடைக்காரர் அவற்றைப் பிய்த்தெறியாமல் விட்டதற்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். "கிழிச்சா புத்தகம் சுத்தமாத்தான் இருக்கும், தம்பி. ஆனா விலை பாதியாயிடும்" என்றார். தொகுப்பில் உள்ள பத்தி அமர்ந்து பேசுகிறது. நறுக்கில் உள்ள பத்தியோ பக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட சைக்கிள் விளம்பரத்தோடு அந்த வாரத்தின் அவசரத்தைக் காட்டுகிறது. இரண்டையும் ஒரே நூலில் வைத்துப் படிக்கக் கிடைப்பது அரிது.

துங்குவின் நடையைப் பற்றி மிகையாகச் சொல்ல விரும்பவில்லை. ஆய்வாளரின் ஒழுங்கை அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. சொன்னதையே மீண்டும் சொல்வார், நண்பர்களைத் தாராளமாகப் புகழ்வார். ஆனால் 1965இல் அக்கி நோயோடு லண்டன் மருத்துவமனையில் படுத்திருந்தபோதுதான் சிங்கப்பூரைப் பிரிக்கும் முடிவு தம் மனத்தில் உருவானதென்று அவர் எழுதும்போது, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கத் தோன்றுகிறது. முடிவெடுத்தவரே பத்தியாளராகவும் அமைவது எல்லா நாட்டுக்கும் வாய்ப்பதில்லை. அதிலேயே ஒரு சங்கடமும் இருக்கிறது. விசாரணையின்றிக் காவலில் வைக்க இடமளித்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 1960இல், அவருடைய ஆட்சியில்தான் நிறைவேறியது. 1987 அக்டோபரில் 'ஓப்பராசி லாலாங்' என்ற அரசின் கைது நடவடிக்கையின்போது அதே சட்டத்தின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 'தி ஸ்டார்', 'சின் சியூ ஜிட் போ', 'வத்தான்' ஆகிய மூன்று இதழ்களின் உரிமமும் பறிக்கப்பட்டது. 1988 மார்ச்சில் 'தி ஸ்டார்' திரும்பி வந்தது. துங்குவின் பத்தி வரவில்லை. அவர் 1990 டிசம்பரில் காலமானார். அவருடைய பத்திகளைப் பாராட்டுகிறவர்கள் இந்த முன்கதையையும் சேர்த்தே படிப்பதுதான் நியாயம்.

கடைக்கு வருகிறேன். நூல்கள் நிறுத்தி வைக்கப்படாமல் படுக்கை வாட்டில் அடுக்கப்பட்டுச் சணல் கயிற்றால் கட்டப்பட்டிருக்கின்றன. அடியில் இருப்பதை எடுக்க வேண்டுமானால் கட்டு முழுவதையும் அவிழ்க்க வேண்டும். பெரியவர் முகம் சுளிக்காமல் அவிழ்த்துத் தருகிறார். ஆனால் எந்த நூலிலும் விலை எழுதப்படவில்லை என்பது எனக்குப் பிடிக்காத வழக்கம். ஆசையோடு கையில் எடுத்தால் விலை ஏறுகிறது. கீழே வைத்தால் இறங்குகிறது. ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) என்று தொடங்கிய நூல் முப்பத்தைந்துக்கு வந்தது. பேரம் பேசக் கூச்சப்படுகிறவர்கள் கூடுதலாகத்தான் கொடுப்பார்கள்.

தமிழ் அடுக்கு ஏமாற்றம் தருகிறது. சிற்றிதழ்களும் பக்தி நூல்களும் இருக்கின்றன; நம் நாளிதழ்களின் அரசியல் பத்திகள் தொகுப்பாக ஒன்றுகூட இல்லை. இது கடைக்காரரின் குற்றமன்று. தொகுத்து வெளியிட்டால்தானே பழைய புத்தகக் கடைக்கு வரும்? 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனது. அத்தனை ஆண்டுத் தலையங்கங்களையும் பத்திகளையும் கட்டுக் கட்டாகச் சேர்த்து வைத்திருந்த வீடுகளில் எத்தனை, வீடு மாறும்போது அவற்றைப் பழைய தாள்காரரிடம் எடைக்குப் போட்டிருக்குமோ.

கொம்தார் கோபுரத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம் என்பதால் காரைத் தவிர்ப்பது நல்லது. மேலே மின்விசிறி மட்டுமே சுழல்கிறது. எனவே காலையிலேயே செல்லுங்கள். ரொக்கம் கொண்டுபோங்கள். கேட்ட நூல் இல்லையென்றால் பெரியவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் நோட்டில் எழுதிக்கொண்டு, வந்ததும் அழைக்கிறார். 1986இல் வெளிவந்த துங்குவின் மற்றொரு தொகுப்புக்காக நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு முன்பே இருவர் அதே நூலுக்காகப் பதிந்திருந்தார்கள்.