மார்கான்ஷியேசியேவா, ரிக்ஸியேசியேவா? எந்தக் குடும்பத்திலிருந்து தொடங்குவது

ஈரமான இடங்களில் வளரும் பூக்காத சிறு செடிகளான ஈரலுருத் தாவரங்களின் வகைப்பாட்டை ஒரு குடும்பத்தை ஊன்றிக் கற்றுப் புரிந்துகொள்ள முடிவெடுத்தபோது, மார்கான்ஷியேசியே, ரிக்ஸியேசியே ஆகிய இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து, நான் ரிக்ஸியேசியேவைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டும் மார்கான்ஷியேலீஸ் துறையைச் சேர்ந்தவை. வேர், தண்டு, இலை எனப் பிரியாமல் கவட்டையாகக் கிளைக்கும் தட்டையான உடலம், அடிப்புறச் செதில்கள், இருவகை வேரிழைகள் ஆகியவை இரண்டிற்கும் பொது.

மார்கான்ஷியேசியேவின் பேரினமான மார்கான்ஷியாவின் சிறப்புகள் முதல் பார்வையிலேயே தெரிகின்றன: பீப்பாய் வடிவக் காற்றுத்துளைகள், புதிய உடலங்களாக வளரும் சிறு மொட்டுகளைத் தாங்கும் ஜெம்மா கிண்ணங்கள், குடைபோல் எழும் இனப்பெருக்கத் தாங்கிகள். மார்கான்ஷியா பாலிமார்ஃபாவின் பசுங்கணிக மரபுத்தொகுதி 1986இலும் முழு மரபுத்தொகுதி 2017இலும் வெளியிடப்பட்டன. மரபியல் ஆய்வே நோக்கமானால் மார்கான்ஷியாவையே பரிந்துரைப்பேன்.

ஆனால் வகைப்பாடு கற்பவருக்கு முதன்மையான கேள்வி, கையில் உள்ள மாதிரிக்கு உறுதியாகப் பெயரிட முடியுமா என்பதே. மார்கான்ஷியாவின் குடைகள் பருவத்தில் தோன்றி வாடிவிடுபவை. ஆண், பெண் உடலங்களும் தனித்தனி. சேகரித்த நாளில் பெண் குடை கிடைக்காவிட்டால், செதில் நுனியின் வடிவத்தையும் துளையின் அமைப்பையும் மட்டும் கொண்டு சிற்றினத்தைத் தீர்மானிக்க நேர்கிறது.

ரிக்ஸியேசியேவின் பேரினமான ரிக்ஸியாவில் நிலைமை வேறு. ஸ்போர்களை, அதாவது இனப்பெருக்க நுண்துகள்களை, உருவாக்கும் பகுதியான அதன் ஸ்போரோஃபைட்டுக்குப் பாதமும் இல்லை, காம்பும் இல்லை. உடலத்துக்குள் புதைந்த வெறும் உறை மட்டுமே. ஸ்போர்களைச் சிதறச் செய்யும் எலேட்டர்களும் இல்லாததால், உறையின் சுவர் சிதைந்த பிறகும், உடலம் அழுகும்வரை ஸ்போர்கள் அதே குழியில் தங்கிவிடுகின்றன. பரவலுக்குக் குறையாகத் தோன்றும் இந்த அமைப்பே வகைப்பாட்டாளருக்குப் பெருந்துணை, ஏனெனில் பல ஆண்டுகளுக்கு முன் உலர்த்தி வைத்த முதிர்ந்த மாதிரியைக்கூட நீரில் ஊறவைத்துச் சவரத் தகட்டால் மெல்லிதாகச் சீவினால், சிற்றினத்தைப் பிரித்தறிய உதவும் ஸ்போர்கள் அப்படியே கிடைக்கின்றன. அவற்றின் அளவு, மேற்பரப்பின் வலைப்பின்னல், விளிம்புச் சிறகு, ஒரே தாய்ச்செல்லிலிருந்து உருவான நான்கு ஸ்போர்களும் பிரிகின்றனவா ஒட்டியே இருக்கின்றனவா என்பன அனைத்தும் அடையாளங்கள். 150க்கும் மேற்பட்ட சிற்றினங்களைக் கொண்ட பேரினத்தில், உலர்ந்தாலும் அழியாத இப்படியொரு சான்று கிடைப்பதே என் தேர்வைத் தீர்மானித்தது.

இந்த எளிமையை ஆதிநிலை என்று ஒரு காலத்தில் பலர் கருதினர். சிக்கலான உடலமைப்பு கொண்ட மூதாதையரிடமிருந்து குறுகி வந்த நிலை அது என்பதை மூலக்கூறு ஆய்வுகள் வலுவாக ஆதரிக்கின்றன. அதனால் இக்குடும்பத்தைக் கற்பவர், எளிய வடிவத்தை உடனே பழைய வடிவம் என்று எண்ணிவிடாத பயிற்சியையும் பெறுகிறார்.

என் அனுபவம் பெரும்பாலும் நிலத்தில் வளரும் சிற்றினங்களோடு நின்றுவிட்டது. மிதக்கும் ரிக்ஸியா ஃப்ளூயிடன்ஸ் நீரில் இருக்கும்வரை பொதுவாக ஸ்போர் தருவதில்லை, சேற்றில் ஒதுங்கிய பிறகே தருகிறது. ஆகவே அங்கே என் வாதம் பலவீனமானது. குடும்பத்தின் மற்றொரு பேரினமான ரிக்ஸியோகார்ப்பஸுக்கோ ஸ்போரே தேவையில்லை: மிதக்கும் உடலத்தின் அடியில் தொங்கும், பல்விளிம்பு கொண்ட நீண்ட ஊதாச் செதில்களே அதைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.